பெண் கொடுக்கும் முன் ஒரு கேள்வி

கருங்குழிப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பவர்களே, நகை பேசும் முன் கேளுங்கள்: குடித்தனம் பிரான்ஸிலா, ஜெர்மனியிலா?

பிரான்ஸ் என்றால் அந்நாட்டுச் சட்டம். மாப்பிள்ளைக்கு வேலை ஜெர்மனியில் என்றால், 2004-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி. மனைவிக்கு விசாக் கட்டணம் இல்லை. விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் குடியிருப்பு அட்டை தரவேண்டும். அங்கே குடியிருந்துவிட்டு கணவர் சொந்த நாடு திரும்பினாலும் மனைவி அவருடன் வாழலாம். சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் 1992-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு அடிப்படை.

என்னை உறுத்துவது இன்னொன்று. இங்கிருந்து போகும் பெண்கள் பலர், விவாகரத்தானால் ஊருக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்று பயந்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்த 2004 விதிப்படி, 3 ஆண்டு மணவாழ்வில் ஓராண்டு அங்கே கழிந்திருந்து, கையில் வேலையோ வருமானமோ இருந்தால் அவள் அங்கேயே இருக்கலாம். அடி உதைக்கு ஆளானவளுக்கு அந்த 3 ஆண்டுக் கெடுவும் தேவையில்லை.