பிள்ளைகளின் நேர்மையும் நம் கைகளும்

தேர்வில் பார்த்து எழுதுவதைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் 'இக்காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்' என்றே அப்பேச்சு தொடங்குகிறது. பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது. 2015 மார்ச் மாதம் பீகாரின் வைசாலி மாவட்டத்திலிருந்து வெளிவந்த ஒரு புகைப்படம் வாசகர் பலருக்கும் நினைவிருக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு நடந்துகொண்டிருந்த பல மாடிப் பள்ளிக் கட்டடமொன்றின் வெளிச்சுவரில் ஆட்கள் தொற்றிக்கொண்டு நின்றார்கள். சன்னல்களின் வழியே உள்ளே துண்டுத்தாள்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே விழுந்தால் எலும்பு மிஞ்சாது என்பது தெரிந்தும் ஏறியவர்கள் அவர்கள். மாணவர்கள் உள்ளே அமர்ந்திருந்தார்கள். சுவரேறியவர்களோ அவர்களுடைய பெற்றோரும் உறவினரும் நண்பர்களும்.

நாடே அப்படத்தைப் பார்த்துச் சிரித்தது. தமிழகத்தில் இருந்த நாமும் சிரித்தோம். இதெல்லாம் வடக்கே நடப்பது என்று ஆறுதல் கொண்டோம். அந்த ஆறுதலுக்கு ஆயுள் நான்கரை ஆண்டுகள்தாம். 2019 செப்டம்பர் முதல் தேதி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வில், இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் பலர் தரவரிசையின் முன்னிடங்களில் வந்து நின்றபோது ஐயம் பிறந்தது. எழுதிய சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடைகளைக் குறித்துவிட்டு வருவதும், விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் இடைத்தரகர்கள் சரியான விடைகளை நிரப்பி வைப்பதுமாக நடந்த அந்த ஏற்பாடு 2020 சனவரியில் அம்பலமாயிற்று. 99 பேர் வாழ்நாள் முழுவதும் தேர்வாணையத் தேர்வுகளை எழுதத் தடைவிதிக்கப்பட்டார்கள். அதே 2019 செப்டம்பரில்தான் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் நீட் தேர்வு ஆள்மாறாட்டமும் வெளிப்பட்டது. அவ்வழக்கில் மாணவரோடு தந்தையும் கைதானார். தனக்குப் பதிலாக வேறொருவனைத் தேர்வறையில் அமர்த்தும் அளவுக்குப் பள்ளிப்படிப்பை முடித்த ஒரு பிள்ளையிடம் பணம் ஏது? அதற்கான ஆட்களை அவன் எங்கே போய்த் தேடுவான்?

2024இல் நீட் வினாத்தாள் கசிவு பெரும் சர்ச்சையாகி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டு சூன் 18ஆம் தேதி, 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய யுஜிசி நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. கல்லூரி ஆசிரியர் பணிக்கு நுழைவாயில் அத்தேர்வு என்பதால் எங்களைப் போன்றோர்க்கு அச்செய்தி கூடுதலாக வலித்தது. பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்தபோது, கசிந்த வினாத்தாள் என்று பரவிய படம் திரிக்கப்பட்டது என்பது தெரியவந்தது. நம்பிக்கை அறவே வற்றிப்போன இடத்தில் களவு நடக்கவே வேண்டியதில்லை. நடந்ததாக ஒரு பொய் பரவினாலே போதும், இலட்சக்கணக்கானோரின் உழைப்பு வீணாகிவிடும். அதே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வு முறைகேடுகள் தடுப்புச் சட்டம், திட்டமிட்ட முறைகேட்டுக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. தேர்வெழுதும் பிள்ளைகள் அச்சட்டத்தின் இலக்கு அல்லர் என்று அதனைக் கொண்டுவந்த அரசே விளக்கியது. குற்றத்தின் வேர் பெரியவர்களிடம் இருக்கிறது என்பதைச் சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டது. நம் வீடுகள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கல்லூரியில் தேர்வுக்காலம் தொடங்கும் முன்பே அருகிலுள்ள ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒரு பாடத்தின் ஓர் அலகு முழுவதையும் உள்ளங்கைக்குள் அடங்குமாறு சுருக்கித் தருவார்கள். மைக்ரோ ஜெராக்ஸ் என்று அதற்குப் பெயர். ஒருமுறை எங்கள் துறைத் தேர்வில் ஒரு மாணவனிடமிருந்து பிடிபட்ட பிட்டைப் பிரித்துப் பார்த்தபோது அதில் இருந்தது திருக்குறளின் 29ஆம் அதிகாரம். கள்ளாமை! ஓய்வறையில் ஆசிரியர்கள் எல்லோருமாகச் சிரித்தோம். ஆனால் முறைகேட்டுப் படிவத்தில் கையொப்பமிடும்போது அந்த மாணவனின் விரல்கள் நடுங்கியதைக் கண்ட பிறகு சிரிப்பு நிலைக்கவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் அவன். ஓர் அரியர் விழுந்தால் 'படித்தது போதும், வேலைக்குப் போ' என்று சொல்ல வீட்டில் காத்திருந்தார்கள். அவனைச் செலுத்தியது பேராசையன்று, அச்சம். இத்தனை ஆண்டுகளில் தேர்வறைகளில் எங்களிடம் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் இத்தகையோரே. துணிந்த களவுகள் தேர்வறையில் அகப்படுவதில்லை. அவை நடக்கும் இடம் வேறு.

பிள்ளைகள் இதனை எங்கிருந்து கற்கிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்தால், தேர்வறைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே பாடம் தொடங்கிவிடுவது புலப்படும். பன்னிரண்டு வயது கடந்த பிள்ளையைப் பேருந்தில் மடியோடு சாய்த்துக்கொண்டு, 'பதினொண்ணுதான் ஆகுது, அரை டிக்கெட் குடுங்க' என்று நடத்துனரிடம் சொல்கிறோம். பிள்ளை தன் உயரத்தைக் குறைத்துக் குனிந்து உட்காரக் கற்கிறது. திருமணத்துக்குப் போய்வந்துவிட்டு, காய்ச்சல் என்று விடுப்பு விண்ணப்பம் எழுதி, அதனைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். பள்ளிச் செயல்திட்டத்தைக் கடையில் செய்து வாங்கி, அதன்மேல் பிள்ளையின் பெயரை அழகாக எழுதி ஒட்டுகிறோம். இப்போது அந்த அலைச்சலும் இல்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டால் கட்டுரை நொடியில் வந்துவிடுகிறது. கேட்பது பல வீடுகளில் பிள்ளையன்று, பெற்றோர்! இவையெல்லாம் சிறு சிறு செயல்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றிலும் பிள்ளை ஒரு செய்தியைப் பெற்றுக்கொள்கிறது. தாளில் இருப்பதுதான் முக்கியம், நடந்தது முக்கியமில்லை என்பதே அச்செய்தி. தேர்வறையில் அது செய்வதெல்லாம் கற்ற பாடத்தை ஒப்பித்தல் மட்டுமே.

நேர்மையாக வளர்க்க முனையும் வீட்டுக்கும் சோதனை வரும். எங்கள் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய ஆண்டில் எங்களுக்கு அது வந்தது. கணிதத் தேர்வு முடிந்து வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வினாத்தாள் கடினமோ என்று கேட்டோம். இல்லை என்றாள். தேர்வு முடியும் தறுவாயில் அறைக் கண்காணிப்பாளராக வந்த ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு, 14 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும் விடைகளை மெதுவாகப் படித்தாராம். உங்கள் பள்ளிப் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்கள் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர்களுக்குள் சில இடங்களில் இப்படியொரு புரிதல் உண்டு என்பதைப் பலர் அறிவர்.

"பதினொண்ணு நானே போட்டுட்டேன். மூணு தெரியலை. அவர் சொல்லும்போது காதுல விழுந்துடுச்சு. விழுந்தத எப்படிம்மா இல்லாம ஆக்குறது?" என்று கேட்டாள். அந்த மூன்று வினாக்களையும் எழுதாமலே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "நான் செஞ்சது சரியா, முட்டாள்தனமாப்பா?"

உடனே விடை சொல்ல எங்களால் இயலவில்லை. சரி என்று சொல்வது எளிது. ஆனால் அந்த மூன்று மதிப்பெண்ணால் அவளுக்கு மேல்நிலை வகுப்பில் விரும்பிய பிரிவு கிடைக்காமற் போனால், அந்த 'சரி'க்கு விலை கொடுப்பவள் அவள், நாங்கள் அல்லோம். 'நீ செய்தது சரி. அதனால் உனக்கு நன்மை வரும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. என்ன மதிப்பெண் வந்தாலும் இந்த வீட்டில் அது குறையாகப் பேசப்படாது என்று மட்டும் உறுதி சொல்ல முடியும்' என்றோம். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிட்டாள்.

அடுத்த வினா எங்களுக்கானது. புகார் செய்வதா? மேலிடத்துக்கு எழுதினால் அந்த அறையில் எழுதிய இருபது பிள்ளைகளின் முடிவும் நிறுத்திவைக்கப்படலாம். அவர்களில் யாரும் விடை கேட்டுப் போகவில்லை. பெரியவர் ஒருவர் கொண்டுவந்து காதில் ஊற்றினார். அதற்காக அவர்களைத் தண்டித்தல் அறமாகுமா? ஒன்றும் செய்யாமல் இருந்தாலோ, மகளின் மூன்று வெற்றுக் கட்டங்களுக்கு என்ன பொருள்? அவளையே கேட்டோம். ஓர் இரவு யோசித்துவிட்டு, "போய்ச் சொல்லுங்க. ஆனா எழுதிக் குடுக்காதீங்க. மத்தவங்க மார்க்குல கை வைக்காம இருக்கட்டும்" என்றாள். இருவருமாகச் சென்று தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் நேரில் சொன்னோம். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த தேர்வுக்கு அந்த அறைக்கு வேறொருவர் வந்தார். செய்தி எப்படியோ கசிந்தது. மகளின் தோழியர் இருவர் கோடை விடுமுறை முழுவதும் அவளோடு பேசவில்லை. மதிப்பெண் இழப்பைவிட அதுவே அவளுக்குப் பெரிய இழப்பாக இருந்தது. அதனை ஈடுசெய்ய எங்களிடம் ஒன்றும் இல்லை.

'நேர்மையாக இரு, உயர்வாய்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். இது கொடுக்கல் வாங்கல் கணக்கு. முதன்முறை நேர்மையால் இழப்பு வரும்போது, பிள்ளை அந்தக் கணக்கைப் பொய்யென்று கண்டுகொள்ளும். நேர்மையையும் அதோடு சேர்த்துக் கைவிடும். ஆகவே இழப்பு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம். இழந்தவனைத் தாங்கிக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது என்பதைச் சொல்லாமலே காட்டுதல் அதனினும் நலம். தமிழக அரசு 2017 முதல் பொதுத்தேர்வுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பள்ளி வாசல்களில் ஃபிளெக்ஸ் பேனர்கள் நின்றபாடில்லை. உறவினர் வீட்டுத் திருமணங்களில் 'எவ்வளவு மார்க்கு?' என்ற கேள்வியும் நின்றபாடில்லை. அக்கேள்வியை நம் வீட்டிலாவது இரண்டாவதாக வைக்கலாம். தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் 'என்ன கேட்டிருந்தார்கள், எதை எழுதும்போது நன்றாக இருந்தது?' என்று முதலில் கேட்கலாம். குறைந்த மதிப்பெண் உள்ள அட்டையில் குரல் உயர்த்தாமல் கையொப்பமிடலாம். மறைக்கத் தேவையில்லாத வீட்டில் பொய்க்கு வேலை குறைவு.

இன்னொன்றும் உண்டு. நேர்மையான பிள்ளைக்குச் செருக்கு வந்துவிடக் கூடாது. பக்கத்து இருக்கையில் நடுங்கும் விரல்களோடு பிட்டை மறைப்பவன் கயவன் அல்லன். அவனுக்கு அப்படியொரு வீடு வாய்க்கவில்லை, அவ்வளவே. இதனை எங்கள் மகளுக்கு நாங்கள் சொல்லத் தேவைப்படவில்லை. மற்றவர் மதிப்பெண்ணில் கைவைக்க வேண்டாம் என்று அவள்தான் எங்களுக்குச் சொன்னாள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைத் தமிழ் படித்தவர் எல்லோரும் பாடநூலில் கண்டிருப்போம். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை அது விரித்துரைக்கிறது. கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டிக்கு வரவே முடியாது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சபையார் முன்னிலையில் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். அச்சிறுவனுக்கு எந்த விதியும் விதிக்கப்படவில்லை. அவன் கையிலிருந்து ஓலையை வாங்கும் பெரியவருக்குத்தான் விதி: ஐந்து விரல்களையும் நன்றாக விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். எதையும் மறைக்கவில்லை, எதையும் மாற்றவில்லை என்பதைச் சபை காண வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த ஓர் ஊருக்குக் குழந்தையின் மேல் ஐயமில்லை. தன் கைகளின் மேல்தான் ஐயம். பிள்ளைகளை நேர்மையாக வளர்ப்பது எப்படி என்று கேட்டு வரும் பெற்றோர்க்கு, விரல்களை விரித்துக் காட்டுங்கள் என்பதற்கு மேல் சொல்ல எங்களிடம் வேறு பாடம் இல்லை.