கீழ்க்கழனி

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஏரிப்பாசனத்தில், எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கழனி இருந்தது. தங்கை பங்கு கேட்டாள், நியாயந்தான். விற்றோம். நானும் கையெழுத்துப் போட்டேன். வாங்கியவர் மண்ணடித்து மேடாக்கி மனைக்கல் நட்டார். ஓரமாக ஓடிய கால்வாயும் மண்ணுக்குள் போயிற்று.

கீழ்க்கழனிக்காரர் விற்கவில்லை. அடுத்த நவரைக்கு நாற்று விடாமல் உட்கார்ந்திருந்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்: "தம்பி, நீ வித்தது உன் நெலத்தத்தான். போனது என் தண்ணி."

அந்தப் பேச்சை இன்னும் என்னால் தாண்ட முடியவில்லை. பத்திரமும் பட்டாவும் நிலத்தை ஸர்வே நம்பர்களாகவே அறிகின்றன. தண்ணீருக்கு அந்த எண்கள் தெரியாது. மதகிலிருந்து கடைமடைவரை அதற்கு எல்லாம் ஒரே கழனி. விற்காமலிருப்பதால் மட்டும் ஒருவன் தன் நிலத்தைக் காப்பாற்றிவிட முடியாது.

2020இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் காவிரிப் படுகையோடு நின்றது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தின் பல கிராமங்கள் உள்ளே வந்தன. நகரம் வரத்தான் செய்யும். வரைபடத்தில் விவசாயத்துக்கென்று தீட்டும் நிறத்தைக் கழனி கழனியாகத் தீட்டிப் பயனில்லை. ஏரியின் ஆயக்கட்டு முழுவதற்கும் தீட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு எனக்கு வந்த ஞானம் இது.

கீழ்க்கழனி சிட்டாவில் இன்னும் நஞ்சை. இந்த வருஷம் அதில் எள் விதைத்திருக்கிறார்.