சாய்ந்தமருதுக் கரையும் சுண்டா அகழியும்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் இறங்கிக் கல்முனைப் பக்கமாக நடக்கிறேன். கரையேற்றிய தோணிகள், மணலில் உலரும் கரைவலை, அதற்குப் பின்னால் வீடுகள், பிரதான வீதி, வீதிக்கு மேற்கே வயல். எரிமலையும் இல்லை, மலைத்தொடரும் இல்லை. இலங்கை நிற்பது இந்தியத் தட்டின் மிகப் பழைய பாறையில். தட்டின் எல்லை இங்கிருந்து கிழக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால்.

அங்கே இந்தியத் தட்டு, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம், பர்மா சிறுதட்டின் அடியில் செருகிக்கொண்டு போகிறது. செருகும் இடம் கடலடியில் சுண்டா அகழி. அதை ஒட்டி எழுந்தவைதான் அந்தமான், நிக்கோபார் தீவுகளும் சுமாத்திராவின் எரிமலை வரிசையும். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. அப்போதைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணியளவில் அந்த எல்லை சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு உடைந்தது. நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீற்றருக்கு மேல் தாழ்ந்து, அதன் வெளிச்சவீடு தண்ணீருக்குள் நின்றது. சிமெலு தீவிலோ பவளப்பாறைகள் கடலுக்கு மேலே வந்தன.

வலை பொத்திக்கொண்டிருந்த காக்கா ஒருவரிடம், "அண்டைக்கு நிலம் அசைஞ்சதா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் தெரியல்ல தம்பி. கடல் பொங்கித்தான் வந்திச்சி."

புவியியலாளர் சொல்வதும் இதையே. உடைப்புக்கு மேற்கே கடலடி உயர்ந்தது, கிழக்கே தாழ்ந்தது. ஆகவே தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது; நம் பக்கம் முதலில் வந்ததே ஏற்றம்தான். சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்தச் சுனாமி அலை இங்கே. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் போனார்கள். நாட்டிலேயே அதிக இழப்பு இங்குதான்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம். எச்சரிக்கை வந்தது, கரையோரத்தார் ஓடினார்கள், பேரலை வரவில்லை. அம்முறை பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடலைத் தூக்கும் அளவுக்கு அடித்தரை உயரவில்லை. வீணாக ஓடினோம் என்று சிலர் சலித்துக்கொள்வதை ஏற்க முடியாது. எந்த வகை நகர்வு என்பது முதல் நிமிடங்களில் யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

நிலம் நடுங்கட்டும், கடல் உள்வாங்கட்டும் என்று இந்தக் கரையில் காத்திருக்க வேண்டாம். எச்சரிக்கை கேட்டால் பிரதான வீதியைத் தாண்டி மேற்கே போய்விடுங்கள். ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வரும்வரை திரும்பாதீர்கள்.