யான் ஒலி திருத்தக் கற்ற வரலாறு

எழுத்தைத் திருத்துவார் பலரை நாம் அறிவோம். மாணாக்கன் எழுதிய தாளை ஆசிரியர் திருத்துவர். ஆசிரியர் எழுதிய நூலை அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்துவோர் திருத்துவர். ஆயின், வாயினின்று புறப்பட்டுக் காற்றிற் கரைந்துபோகுஞ் சொல்லைப் பிடித்து வைத்து, அதனை வெட்டியும் ஒட்டியும் திருத்துங் கலையொன்று உண்டென்பதை நம் கலாசாலைக்கு வந்த பின்னரே யான் அறிந்தேன். அக்கலையில் அரிச்சுவடி மட்டுமே கற்றவன் யான். கற்றது சிறிதே, ஆனால் கற்கும் வழியில் யான் இழந்த பொருள் பெரிது. அதனைக் கூறுதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நண்பர்கள் பொறுமையோடு படிப்பார்களாக.

சென்ற ஆண்டில் எங்கள் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும், தத்தம் ஊர்த்தொழில் ஒன்றைப் பற்றிப் பத்து நிமிட அளவுள்ள ஒலிச்சித்திரம் ஒன்று செய்து அளித்தல் வேண்டுமென ஆசிரியர் பணித்தார். ஏடும் எழுதுகோலுமே கருவியெனக் கொண்டிருந்த எங்களுக்கு இஃது இடியோசை போலிருந்தது. நல்வினைப் பயனாக, காட்சித் தொடர்பியல் வகுப்பிற் பயிலும் மூத்த மாணவர் ஒருவர் எனக்கு வழிகாட்ட இசைந்தார். மாலைதோறும் ஒரு மணி நேரம், சுவரெல்லாம் பஞ்சுப்பலகை பதித்த ஒரு சிற்றறையில் அவர் எனக்குப் பாடஞ் சொன்னார். யான் அவரை அண்ணன் என்றேன். அவர் என்னைத் தம்பி என்றார். இருவருக்கும் வேறு கட்டணம் பேச்சில்லை.

அண்ணன் முதலிற் காட்டியது ஆடாசிட்டி என்னும் மென்பொருள். அமெரிக்க நாட்டுக் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மாசோனி, ரோஜர் டானன்பர்க் என்னும் இருவர் 1999-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கி, அடுத்த ஆண்டில் உலகிற்கு வெளியிட்டனர். விலை கொடாமலே எவரும் அதனைப் பெறலாம் என்பது என் போன்ற ஏழை மாணவர்க்கு அதன் முதற் சிறப்பு.

ஒலி என்பது காற்றின் அசைவு. ஒலிவாங்கி அவ்வசைவை மின்னோட்டமாக மாற்றுகின்றது. கணிப்பொறியோ மின்னோட்டத்தின் அளவை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதிக்கொள்ளுகின்றது. இத்துணை முறை ஏன் என வினவினேன். மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையிலுமே கேட்கவல்லது; ஓர் அதிர்வைத் தவறின்றிப் பதிதற்கு அதனினும் இரு மடங்குக்கு மேற்பட அளத்தல் வேண்டும்; ஆதலின் அவ்வெண் என்றார் அண்ணன். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். இவ்வாறு ஒரு நிமிடப் பேச்சை ஒற்றை வழியிற் பதிந்தாலும் ஐந்து மெகாபைட்டுக்கு மேல் இடங்கொள்ளும். பேச்சு இவ்வளவு பெரும் பொருளென யான் அன்றுதான் உணர்ந்தேன்.

திரையில் ஒலி ஒரு கோடாய், மலையும் மடுவுமாய்க் காணப்படும். அக்கோட்டை விரித்துப் பார்த்த நாள் என் வாழ்வில் மறவாத நாள். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் யாம் நெட்டுருச் செய்த இலக்கணமெல்லாம் அங்கே படமாகக் கிடந்தது. குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு மாத்திரை என்று ஒப்பித்ததுண்டு, கண்ணாற் கண்டதில்லை. ‘கல்’ என்றும் ‘கால்’ என்றும் யானே சொல்லிப் பதிந்து பார்த்தேன். பின்னதின் அகரக்குன்று நீண்டு கிடந்தது. ‘பாட்டு’ என்னுஞ் சொல்லைப் பதிந்தபோதோ பெருவியப்பு அடைந்தேன். அச்சொல்லின் நடுவே கோடு முற்றும் படுத்துவிட்டது. அதன்பின் திடீரென ஒரு வெடிப்பு. வல்லெழுத்தைச் சொல்லுங்கால் நா அண்ணத்தை ஒற்றி மூச்சை அடைக்கின்றதன்றோ? அவ்வடைப்பே அந்த வெறுமை. வெறுமைதானே என்று அதனைச் சிறிது வெட்டிப் பார்த்தேன், சொல் நொண்டிற்று. வல்லெழுத்தின் பெரும்பகுதி மௌனமே என்னும் உண்மையை இலக்கண வகுப்பில் அன்று, அச்சிற்றறையிலேதான் கற்றேன். கற்றும் அதன் பொருளை அறிந்தேனல்லேன் என்பது பின்னர் விளங்கும்.

முற்காலத்தில் ஒலிநாடாவைச் சவரத் தகட்டால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைத்தனராம். இன்று சுட்டியை இழுத்து ஒரு விசையை அழுத்தினால் வெட்டு முடிந்தது. எனினும் வெட்டுமிடம் அறிதல் வேண்டும். கோடு நடுவரையைக் கடக்குமிடத்தில் வெட்டாது மலையுச்சியில் வெட்டினால், சேர்த்த இடத்தில் ‘டிக்’ என்றோர் ஒலி தெறிக்கும். சொல்லின் இறுதியில் அவசரப்பட்டு வெட்டினால் குற்றியலுகரம் மாண்டுபோம். ‘காடு’ என்று பேசியவர் ‘காட்’ என்று முடித்தது போலாயிற்று என் முதல் வெட்டு. “தமிழ் படிக்கிற தம்பியே உகரத்தைக் கொல்லலாமா?” என்று அண்ணன் நகைத்தார்.

ஒலியை மிக உரக்கப் பதிந்தால் அலையின் உச்சி மட்டமாகச் சீவப்படும். சீவுண்டதை மீட்டல் அரிது. மின்விசிறியின் இரைச்சலைக் களைதற்கும் ஒரு வழி உண்டு. பேச்சின்றி இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டி ‘இதுவே இரைச்சல்’ என மென்பொருளுக்கு அறிவித்தால், முழுப்பதிவினின்றும் அதனைக் குறைத்துத் தரும். அளவு மிஞ்சினால் பேசுபவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலாகும். இவற்றையெல்லாம் ஒரு திங்களில் கற்றேன். கற்றுவிட்டேன் என்னுஞ் செருக்கும் உடன் வந்தது.

நிற்க. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கள் ஊர் சென்றேன். தேரிக்காட்டின் ஓரத்திலுள்ள சிற்றூர் அது. என் பாட்டனார் பனையேறினார். ஆச்சி பதநீர் காய்ச்சினாள். யான் பிறக்கு முன்னரே பாட்டனார் பனையினின்று விழுந்து மாண்டார். வீட்டில் எவரும் அதனைப் பேசுவதில்லை. கருப்பட்டி காய்ச்சுந் தொழிலே என் ஒலிச்சித்திரத்துக்குப் பொருளாகட்டுமென்று, கைப்பேசியைத் திண்ணையில் வைத்து ஆச்சியைப் பேசச் சொன்னேன்.

ஆச்சி இருபத்துமூன்று நிமிடம் பேசினாள். விடிலியில் அடுப்பு மூட்டுவது, சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீரை வடிகட்டிச் சட்டியில் ஊற்றுவது, பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவது, கூழ்ப்பதம் பார்த்துச் சிரட்டையில் வார்ப்பது என ஒவ்வொன்றாகச் சொன்னாள். இடையில் ஓரிடத்தில் நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு குரல் தாழ்த்திச் சிலவற்றைச் சொன்னாள். மீண்டும் குரலெடுத்துச் சிரட்டைக்குத் திரும்பினாள். அவ்வமயம் யான் செய்துகொண்டிருந்தது யாது? ஒலியளவைக் காட்டுங் குறி எவ்வளவு தாழ்ந்துவிட்டதென்று கைப்பேசியை நோக்கிக்கொண்டிருந்தேன். அடுப்பில் இருந்த பதநீரைப் பற்றி ஏதோ சொன்னாள் என்பதன்றி வேறொன்றும் என் செவியில் ஏறவில்லை. பதிவில் உளதே, பின்னர்க் கேட்போம் என்றிருந்துவிட்டேன்.

கலாசாலை மீண்டதும் பதிவைக் கணிப்பொறியில் ஏற்றினேன். கைப்பேசியில் இடம் போதாமையால் அங்கிருந்ததை அழித்தேன். இருபத்துமூன்று நிமிடத்தைப் பத்தாகச் சுருக்கல் வேண்டும். நாளையே ஒப்படைத்தலும் வேண்டும். மென்பொருளில் ‘ட்ரங்கேட் சைலன்ஸ்’ என்றொரு கட்டளை உண்டு. பேச்சின் இடையே உள்ள மௌனங்களைத் தானே தேடிக் குறுக்குவது அதன் தொழில். யான் அதனை முழுப்பதிவின்மேலும் ஏவினேன். கண் இமைக்குமுன் பதிவு பாதிக்குமேல் குறுகிற்று. எஞ்சியதில் கூறியது கூறலாயிருந்தவற்றைக் கையால் வெட்டினேன். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்டு மகிழ்ந்து, பழைய பெயரிலேயே கோப்பை வெளியேற்றினேன். ‘அப்பெயரில் ஒரு கோப்பு உளதே, அதன்மேல் எழுதவா?’ என்று பொறி கேட்டது, ஆம் என்றேன். மூடும்போது, ‘செய்த வேலையைச் சேமிக்கவா?’ என்றது, வேண்டா என்றேன். ஒரு பொறி மனிதனை இருமுறை எச்சரிப்பது அதற்கு மேல் எங்ஙனம்?

ஒன்பதரை நிமிட ஒலிச்சித்திரம் வகுப்பில் நன்கு பாராட்டப்பெற்றது. ஆசிரியர் மட்டும் ஒரு வினா எழுப்பினார். “காய்ச்சியவர் குரலைக் கேட்டோம். ஏறியவர் எங்கே? உன் பாட்டனாரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லையா?”

அறைக்கு ஓடி முழுவதும் கேட்டேன். ஆச்சி குரல் தாழ்த்திப் பேசிய பகுதி அங்கே இல்லை. அண்ணனிடம் சென்று அழாக்குறையாகக் காரணங் கேட்டேன். அவர் கட்டளையின் அமைப்பைத் திறந்து காட்டினார். ஒலி இருபது டெசிபெல் தாழ்ந்து, அதாவது முழு உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குங் கீழே இறங்கி, அரை விநாடிக்கு மேல் நின்றால், அதனை மௌனமென்று கொள்ளுமாறு அது முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. யான் அவ்வெண்ணை மாற்றவில்லை. அப்படி ஓர் எண் உண்டென்றும் பார்க்கவில்லை. என் ஆச்சி நடுங்குங் குரலிற் சொன்ன சொற்கள் அவ்வெல்லைக்குக் கீழே கிடந்தன. ஆதலின் அவள் பேசாதிருந்த நேரமும், மெல்லப் பேசிய நேரமும் சேர்ந்து அரை விநாடியாகக் குறுகிப்போயின. பொறியின்மேற் குற்றமில்லை. எது பேச்சு, எது மௌனம் என்று முடிவு செய்யும் பொறுப்பை யான் அதனிடம் விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஊர் சென்றபோது, மறுமுறை பேசுமாறு ஆச்சியை வேண்டினேன். தடையின்றிப் பேசினாள், அடுப்பும் ஆமணக்கும் சிரட்டையும் முன்போலவே வந்தன. அந்த இடத்தில் மட்டும் நில்லாது கடந்து போனாள். தாத்தாவைப் பற்றி அன்று ஏதோ சொன்னீர்களே என்று மெல்ல நினைவூட்டினேன். “அன்னைக்கே சொன்னேனே, ராசா. அது ஒம் பொட்டியில இருக்குமே” என்றாள். உண்மையைச் சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை.

ஈஸ்டர் பண்டிகைக்குப் போனபோது சொல்லிவிட்டேன். தொலைத்துவிட்டேன் என்றும், என் பிழையால் தொலைந்தது என்றும், திரும்பக் கிடையாது என்றும் சொன்னேன். ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. முற்றத்தில் கோழி கிளறிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தை யான் அளக்கவில்லை. கடைசியில் என் தலையைத் தடவி, “போகட்டும் ராசா. நீ காதால கேட்டேல்லா, அது போதும்” என்றாள்.

கேட்டிலேன் என்பதை அவளுக்கு எங்ஙனஞ் சொல்வேன்? குறியை நோக்கியிருந்தேன் என்றால் அவளுக்கு விளங்குமோ? யான் இன்னும் சொல்லவில்லை. இம்மலரைப் படிக்கும் நீங்களே அதனை முதலில் அறிகின்றீர்கள்.

இதனால் யான் ஒலி திருத்துந் தொழிலை விட்டுவிடவில்லை. இவ்வாண்டு கீழ்வகுப்பு மாணவர் நால்வர்க்கு யானே அச்சிற்றறையிற் பாடஞ் சொல்லுகின்றேன். அவர்கட்கு முதல் நாளில் மென்பொருளைத் திறந்து காட்டுவதில்லை. மூலப்பதிவை மும்முறை படியெடுத்து வெவ்வேறிடத்தில் வைக்கச் செய்கின்றேன். அதன்மேல் ஒருபோதும் எழுதலாகாது, திருத்துவது படியிலேயே என்று கட்டளையிடுகின்றேன். முழுப்பதிவையும் ஒருமுறை கைகட்டி அமர்ந்து கேட்ட பின்னரே வெட்டத் தொடங்கலாம் என்கின்றேன். மௌனங்களைப் பொறியிடம் ஒப்படையாமல், ஒவ்வொன்றாகத் தாமே கேட்டு, வேண்டியதை நிறுத்தி வேண்டாததைக் குறைக்கப் பழக்குகின்றேன். பதியும்போது குறியைத் தொடக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பின்பு பேசுவோர் முகத்தை நோக்குமின் என்றும் சொல்லுகின்றேன். ஏன் இத்துணைக் கடுமை என்று அவர்கள் கேட்டதுண்டு. ‘பாட்டு’ என்னுஞ் சொல்லை விரித்துக் காட்டி, நடுவிலுள்ள வெறுமையை வெட்டிப் பார்க்கச் சொன்னேன். மற்றதை அவர்கட்குச் சொல்லும் துணிவு அப்போது எனக்கு வரவில்லை.

இவ்விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஆச்சியிடமும் எஞ்சியதைச் சொல்ல எண்ணியுள்ளேன். சொன்ன பின் அவள் பேசினாலும் சரி, பேசாதிருந்தாலும் சரி. கைப்பேசி அன்று திண்ணையில் இராது.