அச்சு முறியாத வண்டி

தென்னாட்டிலிருந்து தலைநகருக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் மிகப்பல அரசாங்க உத்தியோகத்தை நம்பி வந்தவை. எழுதுகோலும் தட்டச்சுப் பொறியுமே அவற்றுக்குச் சோறிட்டன. வாணிகம் என்றால் அவர்களுக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. துணிந்து தொடங்கிவிட்டாலோ, அத்தயக்கத்துக்கு ஈடுசெய்வதுபோல் இரவு பகல் பாராது அதிலேயே மூழ்கிப் போகிறவர்களும் உண்டு. தில்லி முனிர்க்காவில் இட்லி மாவு அரைத்து விற்கும் கணவன் மனைவியராகிய நாங்கள், அவ்வாறு மூழ்கியதையும் பின்னர்க் கரையேறியதையும் இம்மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். எங்களுள் ஒருவர் அரைப்பவர்; மற்றவர் கணக்கு எழுதுபவர். இக்கட்டுரைக்கு மட்டும் இருவரும் ஒருவரே.

நாங்கள் விரும்பி வணிகரானவர்கள் அல்லர். 1996-ஆம் ஆண்டு ஜூலையில், மாசு உண்டாக்கும் 168 தொழிற்சாலைகள் தில்லி நகருக்குள் இயங்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நவம்பர் 30-ஆம் நாள் அதற்குக் கெடுவாயிற்று. அவற்றுள் ஒன்றில் எங்களுள் ஒருவர் கணக்கராக இருந்தார். நகரின் காற்றுக்கு அவ்வாணை நன்மையே. எங்கள் அடுப்புக்குத்தான் அது பொல்லாத காலம். வீட்டில் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் சுமந்து வந்த இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்று இருந்தது. அதை நம்பி, அடுத்த ஆண்டு பொங்கல் கழித்து, நாளொன்றுக்கு ஆறு கிலோ மாவோடு தொழிலைத் தொடங்கினோம்.

மாவுத் தொழிலைத் தில்லியில் நடத்துவது சென்னையில் நடத்துவது போன்றதன்று. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம் என்னும் கணக்கு எங்கும் ஒன்றே. ஆயினும் மாவைப் பொங்கச் செய்வது நாமல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஏறத்தாழ முப்பது பாகை வெப்பம் வேண்டும். மே மாதத்தில் நான்கைந்து மணி நேரத்தில் மாவு புளித்து வழியும். சனவரி இரவில் வெப்பம் ஐந்து பாகைக்கும் கீழே இறங்கும்போது, பாத்திரத்தை ரஜாயில் சுற்றி வைத்தாலும் பதினாறு மணி நேரம் அசையாது கிடக்கும். தொடக்க நாள்களில் நாங்கள் அதற்குப் பணிந்து நடந்தோம். குளிர்காலத்தில் முந்தின நாளே அரைத்தோம். பொங்காத அன்று, "இன்று மாவு இல்லை" என்று சொல்லும் துணிவும் இருந்தது.

வாடிக்கை பெருகியது. ராமகிருஷ்ணாபுரத்து அரசாங்கக் குடியிருப்புகளிலிருந்து தமிழர் வந்தனர். பின்னர்ப் பஞ்சாபியரும் வங்காளியரும் வந்தனர். 2008-இல் கடன் வாங்கி இரண்டாவது கடையைத் திறந்தோம். உணவுவிடுதி ஒன்று நாள்தோறும் எண்பது கிலோ கேட்டது. 2010-இல் காமன்வெல்த் விளையாட்டுக்காக நகரமே புதுக்கோலம் பூண்ட வேளையில் நாங்கள் நாளொன்றுக்கு நூற்றெண்பது கிலோ அரைத்துக்கொண்டிருந்தோம். கண்டவர் பாராட்டினர்; நாங்களும் அதை வளர்ச்சி என்றே நம்பினோம். தில்லிக் கடைகளுக்கு வாரத்தில் ஒருநாள் கட்டாய விடுமுறை என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருந்தது. நாங்களோ அந்நாளில் முன்கதவை அடைத்துவிட்டுப் பின்கட்டில் அரைத்தோம்.

2011 சனவரியில் ஒரு வாரம் கடுங்குளிர். விடுதிக்குக் கொடுக்கவேண்டிய மாவு பொங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், நாங்கள் அதில் ஆப்பச் சோடாவைக் கலந்தோம். விடுதிக்கு மட்டும் என்றுதான் எண்ணினோம். மறுநாள் கடைக்கு வந்த வீட்டு வாடிக்கைக்காரர்களுக்கும் அதே மாவே போயிற்று.

பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் முதல் ஆண்டிலிருந்தே எங்களிடம் வாங்குபவர். அன்று மாலை தூக்குச் சட்டியைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். "இது பொங்கின மாவு இல்லேம்மா, பொங்க வச்ச மாவு. உங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அவர் சினந்திருந்தால் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்போம். உடம்பை விசாரித்ததுதான் எங்களைத் தலைகுனிய வைத்தது.

உடம்பும் உண்மையில் நன்றாக இல்லை. எங்களுள் ஒருவருக்குப் படியேறினால் தலை சுற்றும். மற்றவருக்கு வலது மணிக்கட்டு மடங்காது. பதினொன்றாம் வகுப்பில் படித்த மகள், "வீட்டில் மாவு வாசனைதான் இருக்கிறது, அம்மா அப்பா இல்லை" என்று ஒருநாள் சொன்னாள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் தொழிற்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது: ஆற்றல் வற்றிப்போதல், செய்யும் தொழிலிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செயல்திறன் குன்றுதல். அதைப் படித்தபோது அந்தச் சனவரி எங்கள் நினைவுக்கு வந்தது. சோடாவைக் கலந்தது பேராசையால் மட்டும் அன்று. நல்ல மாவு, கெட்ட மாவு என்னும் அக்கறையே எங்களுக்குள் வற்றிப் போயிருந்தது.

அவ்வார விடுமுறை நாளில் முதன்முறையாகக் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கணக்கேட்டுடன் உட்கார்ந்தோம். அரிசி, உளுந்து, மின்சாரம், வாடகை, ஆள்கூலி என ஐந்து இனங்களைக் கூட்டித்தான் மாவின் அடக்கவிலையைக் கண்டுவந்தோம். ஆறாவது இனமாக எங்கள் இருவரின் உழைப்பை, எங்களிடம் வேலைசெய்தவர்க்குக் கொடுத்த அதே கூலி வீதத்தில் சேர்த்தோம். விடுதிக்குக் கொடுத்த ஒவ்வொரு கிலோவும் நட்டம் என்று தெரியவந்தது! வீட்டு வாடிக்கைக்காரர்களிடம் ஈட்டியதை விடுதிக்குத் தானம் செய்துகொண்டிருந்தோம். அவ்விடுதி பணம் தரவும் மூன்று மாதம் ஆகும். சிறுதொழிலாளர்க்கு 45 நாள்களுக்கு மேற்படாமல் பணம் தரவேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வாடிக்கை போய்விடுமோ என்னும் அச்சத்தால் நாங்கள் ஒருநாளும் வாய்திறந்து கேட்டதில்லை.

அதன்பின் செய்தவற்றைச் சுருங்கச் சொல்கிறோம். விடுதிக்கு ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்தினோம். இரண்டாவது கடையை மூடிக் கடனை அடைத்தோம். நாளொன்றுக்கு அறுபது கிலோ என்று வரம்பு கட்டி, அதைப் பலகையில் எழுதிக் கடைமுன் தொங்கவிட்டோம். கிலோவுக்குச் சிறிது விலை கூட்டி, காரணத்தையும் சொன்னோம். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் வேறு பிரித்து, எங்களுக்கு மாதச் சம்பளம் குறித்துக்கொண்டோம். விடுமுறை நாளில் கிரைண்டர்க் கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது வழக்கமாயிற்று.

இவையெல்லாம் நோவின்றி நடந்தன என்று சொன்னால் அது பொய்யாகும். மூவரை வேலையிலிருந்து அனுப்ப நேர்ந்தது. இருவருக்கு வேறிடம் பார்த்துக்கொடுத்தோம். மூன்றாமவர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. அளவுமீறி வளர்ந்ததற்கான விலையை எங்களோடு அவரும் கொடுத்தார் என்னும் உறுத்தல் தீரவில்லை. வரவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் ஓராண்டு முடிவில் கையில் நின்ற தொகை முன்னைவிடக் குறையவில்லை.

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோதுதான் அவ்வரம்பின் அருமையை முழுதும் உணர்ந்தோம். பெருவிடுதிகளை நம்பியிருந்தவர் திகைத்து நின்றனர். எங்களுக்குக் கடனும் இல்லை. வாடிக்கைக்காரர் அனைவரும் நடந்து வரும் தொலைவில் வாழ்பவர். சில நாள்கள் மூடியிருந்துவிட்டு, இருபது கிலோவில் மீண்டும் தொடங்கினோம். உடனிருந்த இருவருக்கும் சம்பளம் நிற்கவில்லை.

மயிலிறகே ஆயினும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தியிருக்கிறார். மன்னர்க்குச் சொன்னது மாவரைப்பவர்க்கும் பொருந்துகிறது. எங்கள் வண்டியை இறக்கியவை பெருஞ்சுமைகள் அல்ல. "இன்னும் பத்துக் கிலோதானே" என்று ஒவ்வொரு முறையும் நாங்களே ஏற்றிக்கொண்ட இறகுகள்தாம்.

இன்று நம் பிள்ளைகள் அயலூர்களில் துணிந்து தொழில் தொடங்குகின்றனர்; மகிழ்ச்சியே. எவ்வளவு விற்கிறது என்று அவர்களைக் கேட்கும் நாம், வாரத்தில் எந்த நாள் கடைக்கு விடுமுறை என்றும் கேட்போமாக. அந்த மூதாட்டி இப்போது இல்லை. அவருடைய பேத்தி அதே தூக்குச் சட்டியோடு வருகிறாள். சனவரியில் ஏதேனும் ஒருநாள், "இன்று மாவு பொங்கவில்லை, நாளை வா அம்மா" என்கிறோம். சரியென்று சொல்லிப் போகிறாள். மறுநாள் தவறாமல் வருகிறாள்.