மலைக்கு அந்தப் பக்கம் திராட்சை!

தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்று பேர் பெற்ற கடையில் யாருமே கேட்காத ஒரு சரக்கு உண்டென்றால்... அது ஒயின்!

ராஜபாளையத்து நண்பர் ஒருத்தர் (நூல் மில்லில் அக்கவுண்ட்ஸ்) துணிச்சலாகக் கேட்டே விட்டார். கம்பிக்கு உள்ளே இருந்தவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதும் பிரச்னையா அண்ணாச்சி?" என்றாராம்.

பிரச்னை இருக்கத்தான் செய்தது. எங்கள் செட்டில் நாலு பேர். சனிக்கிழமை ராத்திரி ஆளுக்கு ஒரு குவார்ட்டர். நின்றபடியே ஊற்றிக்கொண்டு, மூஞ்சியைச் சுளித்து, ஊறுகாயைத் தொட்டு நக்கி, பத்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். அதில் ஒருத்தனுக்கு டாக்டர் ஸ்கேனைக் காட்டி, "இனி ஒரு சொட்டு தொட்டாலும் என்கிட்ட வராதே" என்று சொல்லிவிட்டார். அவன் மோருக்கு மாறிவிட்டான். மிச்சம் மூணு பேருக்கும் வயிற்றைக் கலக்கியது. லிவரையும் காப்பாற்ற வேண்டும், சனிக்கிழமையையும் விடக்கூடாது. என்ன செய்ய?

"ஒயின் குடிப்போம் மாப்ளே. நம்ம மலைக்கு அந்தப் பக்கம் பூரா திராட்சைதானே!" என்றார் மில்காரர்.

வாஸ்தவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் மலை. சாம்பல்நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமாகி, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான மலை அது. அதைத் தாண்டிக் குதித்தால் கம்பம் பள்ளத்தாக்கு. அணிலாகப் பிறந்திருந்தால் குதித்திருக்கலாம். மனுஷன் என்பதால் கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி என்று பஸ் மாறி மாறி, இடுப்பு கழன்று போய்ச் சேர்ந்தோம்.

ஆனால் அந்தப் பந்தல்களைப் பார்த்ததும் இடுப்பு வலி மறந்து போச்சு! தலைக்கு மேலே பச்சைக் கூரை. கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம். பன்னீர் திராட்சை. வெள்ளைக்காரன் வைத்த பேர் மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். வாயில் போட்டால் ரோஜாப்பூ வாசம். வருஷத்தில் ஏறக்குறைய எல்லா மாசமும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை இருக்கும்.

"இதுல ஒயின் போடலாமாங்கய்யா?" என்று தோட்டக்காரப் பெரியவரிடம் கேட்டோம்.

"போடலாம் தம்பி. ஆனா இது பழமா சாப்பிடப் பொறந்தது. பலாவைப் போய் ஊறுகா போடுவாகளா?"

ஊர் திரும்பும் வழியெல்லாம் மில்காரர் செல்போனில் படித்துப் படித்து எனக்குப் பாடம் எடுத்தார். சமாச்சாரம் இதுதான். பேர் வாங்கிய சிவப்பு ஒயின்களுக்கெல்லாம் ரகமே வேறு: கேபர்னே, ஷிராஸ், மால்பெக். பழம் சின்னது, தோல் தடிப்பு. நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. ரகம் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி சூடு குறையும். பகலில் வெயில் பழத்துக்குச் சர்க்கரை ஏற்றும். ராத்திரிக் குளிர் அதன் புளிப்பைக் கரையாமல் காப்பாற்றும். மேலே போகப் போக வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம். அதைத் தாங்கத் தோல் தடிக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தலையணை சுடுகிற நம்ம ஊரில் இதெல்லாம் நடக்காது சார்!

அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலையடியில் மெண்டோசா என்று ஒரு ஜில்லா. 1853-ல் பிரெஞ்சுக்காரர் மிஷேல் பூஜே அந்த நாட்டுக்குக் கொண்டுபோன கொடிகளில் ஒன்று மால்பெக். பிறந்த ஊரான பிரான்ஸைவிட அங்கேதான் அது ஓகோ என்று ஆனது. வடக்கே சால்டாவில் 3,000 மீட்டருக்கு மேலேகூடத் திராட்சை போடுகிறார்கள். நம்ம ஊட்டியே 2,240 மீட்டர்தான்! மழை குறைவு, அதனால் பூஞ்சை நோய் குறைவு. பனி உருகி வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. செலவு குறைவதால் நல்ல ஒயின்கூட அங்கே மலிவு. அதுவே கப்பலேறி, வரி கட்டி இங்கே வந்து சேர்ந்தால், விலையைக் கேட்டே போதை ஏறிவிடும்.

நமக்குக் கட்டுப்படியாகிற மலை, நந்தி மலை. பெங்களூரே 900 மீட்டர் உயரம். அதன் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் 1988-ல் குரோவர் குடும்பம் ஒயினுக்கென்றே திராட்சைத் தொழிலில் இறங்கியது. அங்கே கொடியை வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஒரே ஒரு அறுவடை எடுக்கிறார்கள்.

அந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயின் ஒன்றை மதுரையில் வாங்கி வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மொட்டை மாடியில் பாய் விரித்தோம். மோர் நண்பனும் செம்போடு ஆஜர்.

மில்காரர் முதலில் பேனாவை எடுத்தார். "குவார்ட்டர்ங்கிறது 180 மில்லி. 42.8 சதவீதம்னா 77 மில்லி ஆல்கஹால். இந்த பாட்டில் 750 மில்லி, 13 சதவீதம். மூணு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 32 மில்லி. பாதிகூட இல்ல மாப்ளே!"

புதுசாக இறங்குகிறவர்களுக்கு மூணு விஷயம். ஒன்று, சிவப்பு ஒயினை 'ரூம் டெம்பரேச்சரில்' குடி என்பார்கள். அது ஐரோப்பாக்காரன் ரூம்! நம்ம ஊர் ஏப்ரலில் அது கஷாயம். அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு, மட்டன் சுக்காவோடு சாப்பிடுங்கள். கறியின் கொழுப்பில் துவர்ப்பு அடங்கும். மூணு, ஊர்ப் பாசத்தில் பால்கோவாவைத் தொட்டுக்கொள்ளாதீர்கள். இனிப்புக்குப் பக்கத்தில் ஒயின் புளித்த காடி மாதிரி இருக்கும். இரண்டுக்கும் மரியாதை போய்விடும்.

முதல் வாய் துவர்த்தது. நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி. இரண்டாவது வாயில் பழ வாசம். மூணாவது வாய்க்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பத்து நிமிஷத்தில் முடிகிற கச்சேரி அன்றைக்கு இரண்டரை மணி நேரம் ஓடியது. யாரும் அழவில்லை, யாரும் பழைய பாக்கியைக் கிளறவில்லை, பாயிலேயே தூங்கியதால் யாரும் பைக்கைத் தொடவும் இல்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது, மோர் நண்பன் கடைசிவரை கூட உட்கார்ந்திருந்ததுதான். குவார்ட்டர் காலத்தில் எங்கள் சத்தம் தாங்காமல் பாதியில் கிளம்பிவிடுவான்.

செலவு? மூணாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட், ஒரு பாப்கார்ன். வாரா வாரம் கட்டாது. மாசம் ஒரு தடவை என்று தீர்மானம் நிறைவேறியது. மிச்ச சனிக்கிழமைகளில்?

மோர்தான். சப்ளை, நம்ம நண்பன்!