பாலிடெக்னிக்கிலிருந்து பொறியியலுக்கு: இரண்டாம் ஆண்டுக் கதவு

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்தவர் பல்கலைக்கழகத்துக்கு மாற வழியுண்டு. ஆனால் 1995இல் புதுச்சேரியில் தொடங்கிய இந்தியச் சமுதாயக் கல்லூரிகள் வேலைப்பயிற்சியையே முதன்மையாகக் கொண்டன. அமெரிக்காவின் அந்த மாறுதலுக்கு இணையாகத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடப்பது 'லேட்டரல் என்ட்ரி'. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிக்கும் இதில் இடமுண்டு. அரசே கலந்தாய்வு நடத்துகிறது. முதலாண்டில் நிரம்பாத இடங்களும் இதற்கு வருவதால் இடப் பஞ்சம் குறைவு.

கணக்குப் பார்த்தால் டிப்ளமோ 3, பட்டம் 3, ஆக 6 ஆண்டுகள். பிளஸ் டூ வழியிலும் அதேதான். உத்திரமேரூர் ஒன்றியத்து விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு இதில் ஓர் ஆதாயம்: பாதி வழியில் பணம் தீர்ந்தாலும் வேலைக்குதவும் சான்றிதழ் கையில் இருக்கும், ஒரகடம் தொழிற்சாலைகளும் எட்டாத தூரமில்லை.

இடறுவது கணிதம். முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலே மூன்றாம் செமஸ்டரில் உட்காரும் மாணவர் அரியரில் சிக்குவது எளிது. கதவைத் திறந்த கொள்கை, அந்த இடைவெளியை நிரப்பும் வேலையைப் பெரிதும் கல்லூரிகளிடமே விட்டிருக்கிறது.